துலுக்கச் செவந்தியின் வேர்ச்சொல்

எங்கள் அப்பாயி வாயில் அது துலுக்கச் செவந்தி. லயத்து வாசலில் கான் ஓரமாக, போஞ்சிப் பந்தலுக்கும் கோவாப் பாத்திக்கும் இடையில் நாலைந்து செடி எந்நாளும் நிற்கும். தோட்டத்து மாரியம்மனுக்குக் கரகம் பாலிக்கும் நாள் வந்தால் அத்தனையும் மொட்டையாகிவிடும். நாட்டுப் பக்கமிருந்து மரக்கறி வாங்க வரும் சிங்களவர் அதையே ‘தாஸ்பெத்தியா’ என்பார். பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து டீச்சர் படம் வரைந்து ‘செவ்வந்தி’ என்று எழுதிப்போட்டார். சென்னையிலிருந்து வந்த வாரப் பத்திரிகையில் ‘செண்டுமல்லி’ என்று படித்தபோது, அது வேறு ஏதோ பூ என்றே சில வருஷம் நினைத்திருந்தேன்.

ஒரு பூவுக்கு நாலு பெயர் இருப்பதில் அதிசயமில்லை. அதே செடியின் வேருக்குள் இன்னொரு பெயர் கிடக்கிறது. ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு வேதியியலில் அற்கைன் பாடம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அது தட்டுப்பட்டது. பூவின் பெயர்களை வைத்தவர்கள் எல்லாரும் அதைக் கண்ணால் பார்த்து வைத்தவர்கள். வேரில் கிடக்கும் பெயரை வைத்தவர் இந்தப் பூவை நினைத்தும் பார்க்கவில்லை. அப்படியிருந்தும் செடிக்கு மிக நெருங்கிப் பொருந்துவது அதுதான் என்பது என் கட்சி.

முதலில் பூவை முடித்துவிடுவோம். செண்டு என்றால் தமிழில் பூங்கொத்து. விளையாடும் பந்தும் செண்டுதான். கன்னடத்தில் இந்தப் பூ ‘செண்டு ஹூவு’, தெலுங்கில் ‘பந்திப் பூவு’. இரண்டிலும் பொருள் பந்துப் பூ. ஆகவே செண்டுமல்லியில் மல்லிகைக்கு ஒரு வேலையும் இல்லை. உருண்டையாக இருக்கிறது என்பதே சேதி. சிங்களவர் இதழை எண்ணப் பார்த்திருக்கிறார்கள். தாஸ் என்பது ஆயிரம், பெத்தி என்பது இதழ்: ஆயிரம் இதழான். பூ பிறந்த மெக்ஸிக்கோவிலும் எண்ணத்தான் செய்தார்கள், ஆனால் கொஞ்சம் சிக்கனமாக. அங்கத்தைய நாவாட்டில் மொழியில் ‘செம்போவால்லி’ இருபது, ‘ஷோச்சித்தில்’ பூ. இரண்டும் சேர்ந்து தேய்ந்து இன்று ‘செம்பசூச்சில்’ என்று வழங்குகிறது. அந்தச் ‘செம்’மைக் கண்டதும் நம்மூர்ச் சொல்லாராய்ச்சிக்காரர் சிலருக்குக் கை துறுதுறுக்கும். செம்மை, செம்பு, செம்பருத்தி என்று ஒரு கப்பலையே மெக்ஸிக்கோவுக்கு அனுப்பிவிடுவார்கள். வேண்டாம், அது வெறும் இருபது.

செவ்வந்தி என்ற சொல்லிலும் இதே கண்ணி உண்டு. செம்மையான அந்தி என்று பிரித்துப் பார்க்க ஆசையாக இருக்கும். மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் விழும் நேரத்தில் பூவின் நிறமும் அதற்குச் சாட்சி சொல்லும். ஆனால் மராத்தியில் ‘ஷேவந்தி’, கன்னடத்தில் ‘சேவந்திகே’, தெலுங்கில் ‘சாமந்தி’ என்று அக்கம்பக்கம் முழுக்க ஒரே சொல் நடமாடும்போது, அந்தியை மட்டும் தனியே வெட்டியெடுப்பது நியாயமில்லை. அந்தப் பெயர் இந்தச் செடிக்கு உரியதும் அல்ல. பழைய செவ்வந்தி வேறு செடி. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்று பெயர் வந்தபோது மெக்ஸிக்கோவின் பூ கடலைத் தாண்டியிருக்கவில்லை. பின்னால் வந்தது முன்னால் இருந்ததைப் போலத் தெரிந்ததால் பெயரை இரவல் வாங்கியது. இரவல் என்பது மறந்துபோகாதிருக்க முன்னால் ஒரு ‘துலுக்க’ ஒட்டியது.

இந்த முன்னொட்டைப் பற்றி ஒரு வார்த்தை. துருக்கர் என்பது திரிந்து துலுக்கர் ஆயிற்று. இன்று ஆளைப் பார்த்துச் சொல்லக் கூசும் சொல். பழைய செடிப் பெயர்களில் அதற்கு ‘வெளியிலிருந்து வந்தது’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது, துலுக்கப்பயறும் அப்படித்தான். இதில் நாம் மட்டும் தனி ஆளல்ல. மெக்ஸிக்கோவிலிருந்து போன வான்கோழிக்கு ஆங்கிலத்தில் துருக்கியின் பெயர். அங்கிருந்தே போன சோளத்துக்கு இத்தாலியில் ‘துருக்கித் தானியம்’ என்று பெயர். இந்தப் பூவின் உயரமான சாதியை ஆங்கிலேயர் ஆபிரிக்க மேரிகோல்ட் என்றார்கள், குட்டையானதைப் பிரெஞ்சு மேரிகோல்ட் என்றார்கள். பிரெஞ்சுக்காரரைக் கேட்டால் ‘இந்திய ரோஜா’ என்பார்கள். ஆபிரிக்கா, பிரான்ஸ், இந்தியா, துருக்கி என்று நாலு பக்கமும் கை நீட்டியவர்கள் ஒருவர்கூட மெக்ஸிக்கோ பக்கம் நீட்டவில்லை. வந்தவனை எந்த ஊர் என்று கேட்டறியாமல் வாய்க்கு வந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது எப்படியிருக்கும் என்பது மலையகத்தில் பிறந்தவனுக்கு விளக்கத் தேவையில்லை.

தாவரவியலார் வைத்த பெயர் டஜீற்றிஸ். 1753இல் லின்னேயஸின் நூலில் அது நிலைபெற்றது. எத்ரூரியர்களின் கதையொன்றில் டேஜஸ் என்று ஒரு தெய்வப் பிள்ளை வருகிறான். தார்க்குவினியாவில் ஓர் உழவன் கொழுவைச் சற்று ஆழமாக அழுத்திவிட, பிளந்த சாலிலிருந்து அவன் எழுந்தானாம். முகம் பிள்ளை முகம். பேச்சு கிழவர் பேச்சு. குறி பார்க்கும் கலையை எத்ரூரியருக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவனே என்று சிசரோ எழுதிவைத்திருக்கிறார். பூவின் பெயர் அவனிடமிருந்து வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆழமாக உழுதால் வெளியே வருவது என்ற அந்தச் சங்கதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலவாக்கலைக்குப் பக்கத்தில், சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். 1925இல் தொடங்கியது. அதன் ‘டீ குவாட்டர்லி’ இதழின் 30ஆம் தொகுதியில், 1959ஆம் ஆண்டு, 30ஆம் பக்கத்தில் ஒரு கட்டுரை ஆரம்பிக்கிறது. எழுதியவர்கள் விஸ்ஸர், வைத்திலிங்கம் என்ற இருவர். செண்டுமல்லியும் வேறு சில பயிர்களும் தேயிலை மண்ணிலுள்ள நூற்புழுக்களின் தொகையை என்ன செய்கின்றன என்பது விஷயம். தேயிலைக்கென்றே அமைந்த ஓர் இதழில் எங்கள் கானோரத்துப் பூ தலைப்பிலேயே நின்றது.

அந்தத் தலைப்பில் பூவுக்குப் பக்கத்தில் நின்ற எதிரியின் பெயர் பிரட்டிலெங்கஸ். நீளம் அரை மில்லிமீற்றரை ஒட்டியது, வெறுங்கண்ணுக்கு அகப்படாது. ஆங்கிலத்தில் நெமற்றோட் என்பதில் உள்ள ‘நேமா’ கிரேக்கத்தில் நூல். நூற்புழு என்ற தமிழ்ச் சொல் அதற்கு அச்சொட்டு. ஆனால் பிரட்டிலெங்கஸுக்குள் இன்னும் இருக்கிறது: ‘பிராத்தும்’ இலத்தீனில் புல்வெளி, ‘டைலோஸ்’ கிரேக்கத்தில் குமிழ், ‘எங்கோஸ்’ ஈட்டி. புல்வெளியில் திரியும், குமிழ் வைத்த ஈட்டிக்காரன். நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்தால் இந்தப் பெயர் வைத்தவரைக் கைகூப்பத் தோன்றும். புழுவின் வாய்க்குள் குண்டூசி போல ஒரு முள், அதன் அடியில் குமிழ்கள். அந்த முள்ளால் தேயிலையின் ஊட்டவேரைக் குத்திக் குத்தித் துளைத்து உள்ளே நுழைந்து, உண்டபடியே ஊர்ந்து, போகிற வழியெல்லாம் வேரைக் கபிலமாக்கிக்கொண்டு போகும். மேலே மலையில் என்ன தெரியும்? நல்ல மலையின் நடுவே திட்டுத் திட்டாகச் செடி மெலிந்து, இலை வெளிறி, கவ்வாத்து வெட்டிய பிறகு தளிர்க்க மாட்டாமல் நிற்கும். உரம் பற்றவில்லை என்று கங்காணி சொல்வார், மழை போதவில்லை என்று கணக்கப்பிள்ளை சொல்வார். ஈட்டிக்காரனை யாரும் சொல்வதில்லை.

மத்திய மலைநாட்டின் உயரமான தோட்டங்களில் தேயிலையைத் தாக்கும் இனத்துக்கு ‘லூஸி’ என்று அடைமொழி. தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தில் நூற்புழு ஆய்ந்த லூஸ் என்பவரின் நினைவாக, 1960இல் லூஃப் என்ற ஒல்லாந்தர் வைத்தது. (லூஸுக்கு லூஃப் வைத்த பெயர் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.) அதற்கு முன்பும் பின்பும் அது கோப்பியின் பெயர் சூடிய ‘கொஃபியே’ என்ற இனத்தோடு குழம்பிப்போவது வழக்கம். கோப்பியின் பெயர் இந்த மலைகளில் எங்கே போனாலும் காலை இடறும். தேயிலை இலையைச் செம்பு நிறமாக்கும் சிற்றுண்ணிக்கும் ‘கொஃபியே’ என்றுதான் பெயர். 1861இல் இலங்கையின் கோப்பிச் செடியில் கண்டு நீட்னர் என்பவர் வைத்தது. எட்டு வருஷம் கழித்து 1869இல் இலைத்துரு நோய் வந்தது. கோப்பி அழிந்தது. உண்ணி பெயரை மாற்றாமல் தேயிலையில் குடியேறிவிட்டது.

செண்டுமல்லிக்கு நூற்புழுவோடு பகை உண்டு என்பதை ஒல்லாந்தின் பூக்கிழங்கு விவசாயிகளும் ஆய்வாளர்களும் 1950களில் உறுதிப்படுத்தியிருந்தார்கள். நார்சிஸஸ் கிழங்கின் வேரை அழுகவைத்த அதே பிரட்டிலெங்கஸ் குலம், செண்டுமல்லி வளர்ந்த மண்ணில் தலை தூக்கவில்லை. விஸ்ஸரும் வைத்திலிங்கமும் அந்தச் சேதியைத் தேயிலை மண்ணில் சோதித்தார்கள், இங்கேயும் புழு குறைந்தது. ஆனாலும் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கி மறுநடவு செய்யும் முன் மலைக்கு ஓய்வு கொடுக்கத் தோட்டங்கள் போடுவது குவாத்தமாலாப் புல்லும் மானாப் புல்லும்தான். ஒன்றரை, இரண்டு வருஷம் நின்று மண்ணுக்கு மக்கு சேர்ப்பதில் பூச்செடி புல்லுக்கு ஈடாகாது. செண்டுமல்லி லயத்து வாசலிலேயே நின்றுவிட்டது. அப்பாயி அதை நூற்புழுவுக்காக நட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் நட்டது அம்மனுக்கு மாலை கட்ட. பாட்டிமார் எல்லாம் அறிவார்கள் என்று முடிக்கும் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வேரில் என்ன இருக்கிறது? 1947இல் செக்மைஸ்டர், சீஸ் என்ற இருவர் செண்டுமல்லியிலிருந்து நீல ஒளி வீசும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1958இல் ஊலன்புரூக், பைலூ என்ற ஒல்லாந்தர் இருவர், வேரில் இருந்து நூற்புழுவைக் கொல்வது அதே பொருள்தான் என்று காட்டினார்கள். பெயர் அல்பா-டெர்தயனைல். ‘டெர்’ இலத்தீனில் மும்முறை. மூன்று தயோபீன் வளையங்கள் கைகோத்து நிற்கின்றன என்று அர்த்தம். அந்தத் தயோபீன்தான் நான் சொன்ன வேர்ப்பெயர்.

தயோபீன் ஒரு விபத்தின் பெயர். 1882இல் சூரிச்சில் விக்டர் மையர் பென்சீன் பற்றி விரிவுரை செய்துகொண்டிருந்தார். பென்சீனோடு ஐசற்றீனும் அடர் சல்பூரிக் அமிலமும் சேர்த்தால் ஆழ்ந்த நீலம் வரும். அதற்கு இந்தோபீனின் சோதனை என்று பெயர். பென்சீன் இருக்கிறதென்று கண்டுபிடிக்க நம்பகமான வழி என்று ஊரே ஒத்துக்கொண்டது. அன்றைக்கு மாணவர்கள் முன் நீலம் வரவில்லை. வழக்கமான, நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பென்சீன் தீர்ந்துபோக, உதவியாளர் பென்சோயிக் அமிலத்திலிருந்து செய்த சுத்தமான பென்சீனைக் கொடுத்திருந்தார். சுத்தமானதில் நீலம் இல்லை, அழுக்கானதில் இருக்கிறது என்றால், நீலம் பென்சீனுடையது அல்ல, அழுக்கினுடையது. மையர் அந்த அழுக்கைத் துரத்திப் பிடித்தார். பென்சீன் 80 பாகையில் கொதிக்கும், அது 84 பாகையில். அத்தனை ஒட்டி நின்றதால்தான் அத்தனை காலம் ஒளிந்திருக்க முடிந்தது. நாலு காபனும் ஒரு கந்தகமும் கொண்ட வளையம். 1883இல் வெளியிட்டபோது ‘தையோன்’ என்ற கிரேக்கக் கந்தகத்தையும், பென்சீனுக்கு லோரான் என்ற பிரெஞ்சுக்காரர் முன்பே வைத்திருந்த ‘பீன்’ என்ற பெயரையும் கூட்டித் தயோபீன் என்றார். லோரான் ஏன் ‘பீன்’ என்றார்? பென்சீன் முதலில் கிடைத்தது தெருவிளக்கு எரிக்கும் வாயுவின் கழிவில். ‘பைனோ’ என்றால் ஒளிர்கிறேன். ஆகத் தயோபீன் என்பது, சொல்லைச் சொல்லாகப் பெயர்த்தால், கந்தக ஒளி.

இடையில் வந்த இந்தோபீனினையும் விட மனமில்லை. ஐசற்றீன் அவுரி நீலத்திலிருந்து செய்யப்பட்டது. அவுரிக்கு மேற்கே இண்டிகோ, அதாவது இந்தியச் சரக்கு, என்று பெயர். அதுதான் ‘இந்தோ’வாக முன்னால் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் செண்டுமல்லிக்கு வைத்த ‘இந்திய’ பிழை. இந்தோபீனினில் உள்ள ‘இந்தோ’ சரி. அவுரியும் செண்டுமல்லியும் எங்கோ ஒரு சோதனைக் குழாயில் சந்தித்துக்கொண்டதாக நான் எண்ணிக்கொள்வதுண்டு.

இனி அற்கைனுக்கு வருவோம். செண்டுமல்லி தன் கந்தக வளையங்களைக் கட்டுவது அற்கைனிலிருந்து. அற்கைன் என்ற பெயரின் தலையில் இருப்பது அற்ககோல். அற்ககோலின் மூலம் அரபு மொழியின் ‘அல்-குஹ்ல்’, கண்ணுக்கிடும் மை. அந்த மை அந்திமனிச் சல்பைட்டுத் தூள். ஆகப் பெயரின் அடியிலேயே கொஞ்சம் கந்தகம் இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. வால் பகுதிக்கு வேறு கதை. 1866இல் ஹொஃப்மன், ஐதரோகாபன்களில் ஐதரசன் குறையக் குறைய உயிரெழுத்தை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகலாம் என்று ‘ஏன், ஈன், ஐன்’ என்ற வரிசையை முன்வைத்தார். அரிச்சுவடி ஓதிய நமக்கு இது பிடித்துப்போகும். அற்கேனில் காபன்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்பு, நீளம் 154 பிக்கோமீற்றர். அற்கீனில் இரட்டை, 134. அற்கைனில் மும்மை, 120. பிணைப்பு கூடக் கூட இரண்டு காபனும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. (தமிழ்நாட்டு மாணவர் இதையே ஆல்கைன், முப்பிணைப்பு என்று படிக்கிறார். எலக்ட்ரான் இங்கே இலத்திரன், ஹைட்ரஜன் இங்கே ஐதரசன். அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வேற்றெழுத்தைத் தமிழ் ஒலிக்கு வளைத்த விதம் அது. எனக்கு இரண்டும் சம்மதம்; ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலந்து எழுதும் விடைத்தாள்தான் சம்மதமில்லை.)

மும்மைப் பிணைப்பில் ஒன்று இரு கருக்களுக்கும் நேர்கோட்டில் கிடக்கும் உறுதியான பிணைப்பு. மற்ற இரண்டும் அதைச் சுற்றிப் பக்கவாட்டில் பரவிய இலத்திரன் முகில். அந்த முகில் வெளியில் தெரிகிறது, யார் வந்தாலும் கை கொடுக்கிறது. புரோமீன் நீரை ஊற்றினால் நிறம் போவது அதனால்தான். மும்மைப் பிணைப்பின் இரு காபனும் அவற்றை ஒட்டிய இரு அணுவுமாக நேர்க்கோட்டில் நிற்கும் நாலும் வளைய மறுக்கின்றன. செண்டுமல்லி தன் வேரில் கொழுப்பமிலத்திலிருந்து படிப்படியாக ஐதரசனைப் பறித்து, 13 காபன் கொண்ட ஒரு கம்பியைச் செய்கிறது. அதில் ஐந்து மும்மைப் பிணைப்புகள் அடுத்தடுத்து. முனையில் ஓர் இரட்டைப் பிணைப்பு. பெயர் திரைதெக்காபென்றைனீன் என்று ஒரு முழம். கையில் எடுத்து வைத்தால் நிலைக்காது. வெளிச்சத்திலும் காற்றிலும் தன்னோடு தானே பிணைந்து கறுத்துப்போகும் வகை.

அந்தக் கம்பிக்குள் ஒரு வேற்றணு நுழைகிறது. காபனும் ஐதரசனும் அல்லாத அணுவை வேதியியலில் அப்படிச் சொல்வோம்; ‘ஹெற்றரோ’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘மற்றவன்’ என்று பொருள். அடுத்தடுத்த இரண்டு மும்மைப் பிணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: நாலு காபன் வரிசையாக. கந்தகம் முதலாம் காபனையும் நாலாம் காபனையும் பிடிக்கிறது. நடுவிலுள்ள இரண்டும் ஆளுக்கொரு ஐதரசனை வாங்கிக்கொள்கின்றன. கம்பி வளைந்து ஐந்து முனை வளையமாகிறது. நாலு காபனிடம் எஞ்சியவை நாலு இலத்திரன். கந்தகத்திடம் பிணைப்பில் சேராத தனிச்சோடி இரண்டு உண்டு. அதில் ஒன்றை அது வளையத்துக்குள் இறக்குகிறது. நாலும் இரண்டும் ஆறு. ஆறு இலத்திரன் வளையம் முழுக்கப் பொதுவாகச் சுற்றிவந்தால் அந்த வளையத்துக்கு அரோமற்றிக் என்ற அந்தஸ்து. பென்சீனிடம் இருப்பதும் அதே ஆறுதான். மையரின் அழுக்கு பென்சீனைப் போலவே நடித்ததன் இரகசியமும் இதுதான்.

இப்போது புரோமீனைக் கொடுத்துப் பாருங்கள். மும்மைப் பிணைப்பு அதைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். தயோபீன் ஏற்றாது, கந்தகத்துக்குப் பக்கத்திலுள்ள காபனிலிருந்து ஓர் ஐதரசனைக் கழற்றி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் புரோமீனை வைத்துக்கொள்ளும். பெற்ற ஆறைக் கலைக்க அதற்கு மனமில்லை. ஆனாலும் பென்சீனைவிட வேகமாக வினைபுரியும், ஏனென்றால் கந்தகம் தன் சோடியைக் கொடுத்து வளையத்தை இலத்திரன் வளமாக்கியிருக்கிறது.

இது செடியின் தனி வித்தை என்றும் இல்லை. கொதிக்கும் கந்தகத்தினூடே அசற்றலீனைச் செலுத்தினால் தயோபீன் கிடைக்கும் என்று மையரின் ஆய்வுகூடத்தில் 1883இலேயே செய்து பார்த்தார்கள். செய்தவர் சாண்ட்மையர், அப்போது அங்கே கருவி செய்யும் கம்மியர், பின்னாளில் தன் பெயரில் ஒரு வினையையே உயர்தரப் பாடத்துக்கு விட்டுச்சென்றவர். 1962இல் ஷுல்ற்றேயும் கூட்டாளிகளும் இன்னும் சாதுவான வழி கண்டார்கள்: இரட்டை அற்கைனுக்கு மென்காரத்தில் ஐதரசன் சல்பைட்டு. இதற்கிடையில் பேர்லினில் போல்மன் நூற்றுக்கணக்கான செடிகளை அரைத்து வடித்து, இயற்கையில் தயோபீன்கள் அற்கைன் கம்பிகளிலிருந்தே பிறக்கின்றன என்று நிறுவினார். சாட்சி செண்டுமல்லி வேரிலேயே உண்டு. டெர்தயனைலோடு கூடவே இரண்டே வளையம் கொண்ட ஒரு சகோதரம் கிடைக்கிறது. அதன் நுனியில் ஒரு மும்மைப் பிணைப்பும் ஓர் இரட்டைப் பிணைப்பும் வளையமாகாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். பாதி கட்டிய வீட்டில் கம்பி நீட்டிக்கொண்டிருப்பது போல. பெயரிலும் அது அப்படியே பதிவு: பியூற்றெனைனைல்-பைதயோபீன். இந்த நீண்ட பெயர்களைப் பிள்ளைகள் வெறுப்பார்கள். எனக்கு அவை பிடிக்கும். ஆபிரிக்கா, துருக்கி என்று கை நீட்டாமல், எந்தக் காபனில் என்ன நிற்கிறது என்று மட்டும் சொல்கின்றன.

வேற்றணு வளையத்துக்குள் வராமல் மும்மைப் பிணைப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் விளைவு வேறு. நைதரசன் ஒட்டினால் ஐனமின். ‘ஐன்’ என்ற வாலும் ‘அமின்’ என்ற தலையும் முட்டிக்கொண்ட பெயர். 1960களில் வீயெ இதைப் பெரிதாக வளர்த்தார். நைதரசன் தன் தனிச்சோடியை மும்மைப் பிணைப்பின் பக்கம் தள்ளுகிறது. தள்ளலில் தூரத்துக் காபன் இலத்திரன் மிகுந்து வெறிகொண்டு நிற்கும். அமிலம் கலந்த நீர் பட்டாலே போதும், அமைட்டாக மாறிவிடும். குளோரீன் ஒட்டினால் நிலைமை மோசம்: குளோரோ அசற்றலீன் காற்றுப் பட்டாலே தீப்பற்றக்கூடும். இன்னொரு வழியும் உண்டு. ஓரத்தில் ஒட்டாமல், அசற்றலீனின் ஒரு காபனையும் அதன் ஐதரசனையும் எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே நைதரசனை உட்காரவைத்தால் ஐதரசன் சயனைட்டு. மும்மைப் பிணைப்பு அப்படியே இருக்கிறது, குணம் மட்டும் தலைகீழ். அசற்றலீனின் pKa, அதாவது அமில மாறிலியின் எதிர் மடக்கை, 25ஐ ஒட்டியது, இதற்கு 9.2. இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 16, மடக்கைக் கணக்கில் அது 1க்குப் பின் 16 பூச்சியம் போட்ட மடங்கு. சயனைட்டின் ‘சயன்’ கிரேக்கத்தில் நீலம். இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் நீலம்தான்.

மீண்டும் வேருக்கு. 1972இல் கொமர்ஸ் என்ற ஒல்லாந்தர், டெர்தயனைல் மேல் புற ஊதாவை ஒட்டிய ஒளி பட்டால் அது நூற்புழுவைக் கொல்லும் வலு பல மடங்கு கூடுகிறதென்று கண்டார். மூன்று வளையமும் ஒரே தளத்தில் கைகோத்து இலத்திரனைப் பகிர்வதால் அந்த ஒளியை விழுங்க முடிகிறது. விழுங்கிய சக்தியைப் பக்கத்திலுள்ள ஒட்சிசனுக்குக் கொடுத்து அதைக் கொதிப்பேற்றுகிறது. கொதிப்பேறிய ஒட்சிசன் புழுவின் உடலைத் தாக்குகிறது. கந்தக ஒளி என்று மையர் ஒரு விபத்தில் வைத்த பெயருக்குச் செண்டுமல்லி உரை எழுதியது போல இருந்தது அந்த முடிவு. ஆனால் ஒரு சிக்கல், பிள்ளைகளே முதலில் கேட்பார்கள்: வேர் மண்ணுக்குள் இருட்டில் கிடக்கிறதே சேர்?

வேரிலுள்ள நொதிகளே ஒளியின் வேலையைச் செய்து மூலக்கூறைத் தூண்டலாம் என்று கொமர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் எண்ணினார்கள். 2019இல் யப்பானிய ஆய்வாளர்கள், ஒளியே இல்லாமலும் டெர்தயனைல் புழுவின் தோலை ஊடுருவி உள்ளே ஒட்சியேற்ற நெருக்கடியை உண்டாக்குகிறதென்று காட்டினார்கள். எனவே இருட்டிலும் அந்தப் பெயர் பொய்க்கவில்லை. ஆழமாக உழுதால் எழுந்துவரும் டேஜஸைத் தேடிப் பெயர் வைத்தவரும் மண்ணுக்கடியில்தான் கை வைத்திருக்கிறார், தெரியாமலே.

எட்டு வயதிருக்கும். கரகத்தன்று விடியற்காலையில் பூப் பறித்துவரச் சொன்னார் அப்பாயி. பனி கொட்டிக் கிடந்தது. காம்பைக் கிள்ளக் கை விறைத்தது. கிள்ளினால் வராததைக் கோபத்தில் இழுத்தேன். செடி வேரோடு கையில் வந்தது. வேரெல்லாம் வெள்ளை வெளேரென்று, மெல்லிய நூலாய் அடர்ந்து, இடையில் கறுப்பு மண்ணைக் கோத்துக்கொண்டிருந்தது. விரலில் ஏறிய நெடி பள்ளிக்கூடம் போய்த் திரும்பிய பிறகும் போகவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அப்பாயி முன் நின்றேன். நாரும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பூவத்தானடா கேட்டேன். சாமிக்கு வேரு எதுக்கு?”